படுத்த எஞ்சின், ஒல்லி டயர்: டொயோட்டா 86-ஐ வைத்து ஓட்டுவதன் கணக்கு

2012-இல் வந்த டொயோட்டா 86-இன் டயர் அளவு 215/45 ஆர்17. அதே காலத்து பிரியஸை 17 அங்குலச் சக்கரத்தோடு வாங்கினாலும் இதே அளவுதான் வரும். ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்துவிட்டு, பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் காரின் டயரை மாட்டியிருக்கிறார்களே என்று அன்று கேலி செய்தவர்கள் பலர். அந்த டயரை விரும்பித்தான் போட்டார்கள். அந்த விருப்பம் புரிந்துவிட்டால் இந்தக் காரில் எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யக்கூடாது என்பதும் புரிந்துவிடும்.

தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா மூன்று விஷயங்களை வேண்டாமென்று ஒதுக்கினார்: டர்போ, நான்கு சக்கர இழுவை, பிடி அதிகமுள்ள டயர். டர்போ வந்தால் சூடு கூடும், சூடு கூடினால் பெரிய ரேடியேட்டர் வேண்டும், எடை ஏறும், எடை ஏறினால் பெரிய பிரேக், பெரிய டயர் என்று சங்கிலி நீளும். கடைசிக் கண்ணியில் தொங்குவது விலைச்சீட்டு. அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்ததால்தான் ஏறத்தாழ 1,250 கிலோவுக்குள் வண்டி நின்றது. அமெரிக்காவில் சையான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் 25,000 டாலருக்குள்ளும், ஆஸ்திரேலியாவில் 29,990 டாலரிலிருந்தும் விற்க முடிந்தது. ஜப்பானில் 19.9 லட்சம் யென்னுக்கு ‘ஆர்சி’ என்றொரு வகையும் இருந்தது. அதில் ஏசி கிடையாது, பம்பருக்குப் பெயின்ட் கிடையாது, சக்கரம் வெறும் இரும்பு. எப்படியும் கழற்றி எறிந்து பந்தயத்துக்கு மாற்றப் போகிறவனிடம் அலாய் சக்கரத்துக்குக் காசு வாங்குவானேன் என்ற நேர்மை அது.

பெயரில் இருக்கும் 86, 1983 முதல் 1987 வரை வந்த ஏஇ86 கொரோலா லெவின், ஸ்ப்ரின்டர் ட்ரூவெனோ கார்களின் வாரிசுரிமை. ஜப்பானியர் இன்றும் ‘ஹச்சிரோகு’, அதாவது எட்டு-ஆறு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வண்டியைக் கட்டியது சுபாரு, குன்மா மாகாணத்து ஓட்டா நகர்த் தொழிற்சாலையில். எஞ்சினும் சுபாருவின் கிடைமட்ட பாக்ஸர் எஞ்சின்தான். டொயோட்டா அதற்கு, சிலிண்டருக்குள்ளும் உள்ளிழு குழாயிலும் பெட்ரோலைத் தெளிக்கும் டி-4எஸ் எரிபொருள் முறையைக் கொடுத்தது. சிலிண்டர் விட்டம் 86 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 86 மி.மீ. இப்படி எண்ணைப் பொருத்திப் பார்ப்பதில் பொறியாளர்களுக்கும் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது. சுபாரு தன் பெயரில் விற்றது பிஆர்இசட். ஐரோப்பாவில் டொயோட்டாவுக்கே ஜிடி86 என்று பெயர். எல்லாம் ஒரே வண்டி.

இந்த இரட்டைப் பிறப்பால் ஒரு சில்லறைத் தொல்லை உண்டு. பெரும்பாலான டொயோட்டாக்களின் சக்கர நட்டு 12 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை. இந்தக் காருக்குச் சுபாரு அளவு: அதே 12 மி.மீ., ஆனால் மரை 1.25. பழைய கொரோலாவில் மிச்சமிருந்த நட்டை எடுத்து ஏர் கன்னால் ஒரு அடி அடித்தால் ஸ்டட் மரை அதோடு போச்சு. சக்கரத்துளை அமைப்பு 5×100, நடுத்துளை 56.1 மி.மீ., முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். இந்த மூன்றையும் எழுதி டேஷ்போர்டு அறைக்குள் வைத்துவிடுங்கள்.

எஞ்சின் படுத்திருப்பதால் என்ன லாபம்

பாக்ஸர் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் இரண்டு பக்கமும் கைவிரித்ததுபோலப் படுத்திருக்கும். அதனால் எஞ்சினைத் தாழ்த்தி, பின்னுக்குத் தள்ளி வைக்க முடிந்தது. காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 46 செ.மீ. அளவில்தான் இருக்கிறது, எடை முன்னே 53, பின்னே 47 என்று பிரிகிறது. வளைவில் உடல் சாய்வது குறையும். சாய்வு குறைவென்றால் சஸ்பென்ஷனைக் கல்லாக இறுக்க வேண்டியதில்லை. பின் சக்கரங்களுக்கு நடுவே டார்சன் வகை எல்எஸ்டி இருக்கிறது; ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்கு இழுவையை அனுப்பும் பொருள் அது. பல நாடுகளில் அடிமட்ட வகையிலேயே அதைக் கொடுத்தார்கள். காசு போனது இங்கேதான். கடினமான பிளாஸ்டிக்கும், சத்தம் உள்ளே வரும் தரையும், சுமாரான ஸ்பீக்கரும் அதற்குக் கொடுத்த விலை.

ஒல்லி டயரின் வேலை இதற்கு அடுத்தது. பிடி அளவாக இருந்தால் காரின் எல்லை கீழேயே இருக்கும்; 60, 70 கி.மீ. வேகத்திலேயே முன் சக்கரம் நழுவுவதும் பின் சக்கரம் அசைவதும் ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் தெரிந்துவிடும். 300 குதிரைத்திறன் காரில் அதே உணர்வைத் தேடினால் உரிமம் போய்விடும். அதனால் வாங்கிய மறுவாரமே 245 அகலத்தில் ஒட்டும் டயரைப் போடுகிறவர், காரில் கொடுத்திருந்த நல்ல பொருளைக் கழற்றிவிட்டுத் தானே ஒரு குறையை வாங்கி மாட்டுகிறார். எஞ்சினின் 205 நியூட்டன் மீட்டர் இழுவைக்கு (டார்க்) அந்த எடையும் உராய்வும் பாரம். பந்தயத் தடத்தில் நேரம் குறையும், உண்மை. தெருவில் வண்டி மந்தமாகத் தோன்றும்.

அந்தப் பள்ளம்

முதல் தலைமுறைக் காரைப் பற்றிய நியாயமான புகார் ஒன்றே ஒன்று. 1,998 சி.சி. எஞ்சின், அழுத்த விகிதம் 12.5க்கு 1, 7,000 ஆர்பிஎம்மில் 200 குதிரைத்திறன். ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற இழுவைக் கோடு சீராக ஏறாது. சுமார் 3,200இல் சரியத் தொடங்கி 4,800 வரை ஒரு பள்ளத்தில் கிடக்கும். அதைத் தாண்டியதும் எழுந்து ஓடும்.

காகிதத்தில் சிறிதாகத் தெரியும் இந்தப் பள்ளம் சாலையில் எங்கே வந்து நிற்கிறது என்று கியர் விகிதத்தை வைத்துக் கணக்குப் போடலாம். மூன்றாவது கியர் 1.541, கடைசி விகிதம் 4.1, டயர் ஒரு சுற்றுக்கு 1.96 மீட்டர். அப்படியென்றால் மூன்றாவதில் 3,200 ஆர்பிஎம் என்பது மணிக்கு 60 கி.மீ.; 4,800 என்பது 90 கி.மீ. இருவழிச் சாலையில் லாரியை முந்தப் போகும் வேகம் மொத்தமும் பள்ளத்துக்குள்! நான்காவதில் அது 76 முதல் 114 வரை, இன்னும் மோசம். புதிதாக வாங்கியவர்கள் ‘வண்டி இழுக்கலையே’ என்று சொல்லும்போது பெரும்பாலும் மூன்றாவதிலோ நான்காவதிலோதான் இருப்பார்கள். 70 கி.மீ. வேகத்தில் இரண்டாவதுக்கு இறங்கினால் எஞ்சின் 5,300இல் இருக்கும். அங்கே அது வேறு எஞ்சின். சத்தத்துக்குப் பயந்து கியரை ஏற்றி ஏற்றி ஓட்டும் பழக்கம் இந்தக் காரோடு ஒத்துப்போகாது.

அதே கணக்கில் இன்னொரு வேடிக்கை. 7,400 ஆர்பிஎம் சிவப்புக் கோட்டில் இரண்டாவது கியர் 97 கி.மீ.யைத் தொடும். அமெரிக்கர்கள் அளக்கும் 60 மைல் வேகம் 96.6 கி.மீ. என்பதால் இரண்டாவதிலேயே முடிந்துவிடும், நூறு கி.மீ. கணக்கிடும் நாடுகளில் மூன்றாவதுக்கு ஒரு மாற்றம் கூடுதல். 2017 மாடலில் மேனுவல் காருக்குக் கடைசி விகிதத்தை 4.3 ஆக்கி, திறனையும் 205 ஆக உயர்த்தினார்கள். பள்ளம் முழுதாகப் போகவில்லை, வேகமாகக் கடந்துபோகிறது.

பள்ளத்தை நிரப்ப வெளிச்சந்தையில் வழி உண்டு. எஞ்சினிலிருந்து புகையைத் திரட்டும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றி, அதற்கேற்ப எஞ்சின் கணினியை மறுநிரல் செய்வது. பலன் நிஜமானது. ஆனால் மூல மேனிஃபோல்டிலேயே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறது. அது இல்லாத மலிவுக் குழாயைப் போட்டால் புகைப் பரிசோதனையில் தோற்கும். கன்வர்ட்டர் உள்ள வகை விலை கூட. மேனிஃபோல்டை மட்டும் மாட்டிவிட்டு நிரலைத் தொடாமல் விடுவது பாதிக் கிணறு தாண்டும் வேலை.

படுத்த எஞ்சினுக்குக் கொடுக்கும் வாடகை

பராமரிப்பில் சுலபமானவை ரொம்பச் சுலபம். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் ஃபில்டர் எஞ்சினின் மேலே, முன்பக்கம், நிமிர்ந்து நிற்கிறது. பானட்டைத் திறந்ததும் கை எட்டும். ஆயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோடு சேர்த்து 5.4 லிட்டர். வடிகட்டும் போல்ட்டின் வாஷர் ஒருமுறைதான் பயன்படும். புதிது போட்டு சுமார் 40 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் போதும், அதற்குமேல் பலம் காட்டினால் ஆயில் தொட்டியின் மரை போகும். கையேடு சொல்லும் இடைவெளி நாட்டுக்கு நாடு மாறுகிறது. அடிக்கடி 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றுகிறவர் 7,500 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுவது நல்லது. ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை அளவுக்கோலைப் பார்ப்பதும் அவசியம். எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருந்தால் பேரிங் காத்திருக்காது.

பெட்ரோல் உயர் ஆக்டேன்தான். 95க்குக் கீழே போவதை 12.5 என்ற அழுத்த விகிதம் பொறுக்காது, 98 கிடைத்தால் அதுவே சரி. ஐரோப்பியச் சோதனைக் கணக்கில் மேனுவல் கார் நூறு கி.மீ.க்கு 7.8 லிட்டர் குடிக்கும், ஆட்டோமேட்டிக் 7.1. நகரத்திலும் மலைச்சாலையிலும் பத்து, பதினொன்று ஆகும். தொட்டி 50 லிட்டர்.

நேரடி உட்செலுத்தல் எஞ்சின்களுக்கு வரும் வால்வுக் கரி இங்கே குறைவு. சிலிண்டருக்குள் ஒரு தெளிப்பான், உள்ளிழு குழாயில் இன்னொன்று என்று இரண்டு இருப்பதால், குழாயில் தெளிக்கும் பெட்ரோல் வால்வைக் கழுவிவிடுகிறது. சிலிண்டருக்குள் தெளிக்க அழுத்தம் கொடுக்கும் பம்ப் ஐட்லிங்கில் சில்வண்டு போலக் ‘கிர்ர்’ என்று கத்தும். பயப்பட ஒன்றுமில்லை, பழகிவிடும்.

ஸ்பார்க் பிளக் மாற்றப் போகும்போதுதான் படுத்த எஞ்சின் தன் வாடகையைக் கேட்கும். நிமிர்ந்த எஞ்சினில் பிளக் மேலே இருக்கும். இங்கே பக்கவாட்டில், சட்டத்தை ஒட்டி இருக்கிறது. பேட்டரி, காற்றுக் குழாய் என்று வழியில் நிற்பதையெல்லாம் கழற்றி, குட்டை குட்டையான எக்ஸ்டென்ஷன்களை உள்ளே வைத்து ஒவ்வொன்றாக இணைத்துத்தான் எட்ட வேண்டும். நிமிர்ந்த எஞ்சினில் அரைமணி நேர வேலை, இங்கே அரை நாள். நல்லவேளையாக இரிடியம் பிளக், ஏறத்தாழ ஒரு லட்சம் கி.மீ. தாங்கும். பழைய கார் வாங்கும்போது அந்த வேலை நடந்துவிட்டதா என்று கேட்பது அதனால்தான் முக்கியம். விற்பவர்கள் அதற்கு முன்னால் விற்றுவிடுகிறார்கள்.

பெரிய வாடகை வால்வு ஸ்பிரிங். 2018 நவம்பரில் சுபாரு உலகளவில் சுமார் 4 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2012, 2013இல் கட்டிய 86, பிஆர்இசட் கார்களும் அதில் அடக்கம். ஸ்பிரிங் உடைந்தால் எஞ்சின் ஓடும்போதே நின்றுவிடலாம். ஸ்பிரிங் என்னவோ சின்னப் பொருள்தான். ஆனால் எஞ்சின் படுத்திருப்பதால் அதை எட்ட எஞ்சினையே வெளியே இறக்கி, முன் மூடியைப் பிரித்து, மாற்றி, மறுபடி திரவ சீலன்ட் தடவி மூட வேண்டும். இந்த சீலன்ட்தான் வில்லன். தேவைக்கு மேல் தடவினால் பிதுங்கியது உள்ளே உதிர்ந்து ஆயில் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடையில் ஒட்டி அடைக்கும். ஆயில் பட்டினியில் முதலில் போவது கனெக்டிங் ராடு பேரிங். வேலை முடிந்து சில நூறு, சில ஆயிரம் கி.மீ.யில் எஞ்சின் செத்த கார்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தது.

ஆகவே 2012, 2013 கார் பார்க்கப் போனால் சேசிஸ் எண்ணை வைத்து மூன்று கேள்விகள். அழைப்பில் இந்தக் கார் உண்டா? வேலை முடிந்ததா? முடிந்தபின் எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது? முடிந்து 30,000 கி.மீ. நன்றாக ஓடியிருந்தால் அதுதான் பாதுகாப்பான கார். நேற்று முடிந்ததென்றால் ஆயில் தொட்டியை இறக்கிச் சல்லடையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மற்ற சோதனைகள் சுருக்கமானவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நியூட்ரலில், கிளட்சில் கால் வைக்காமல் கேளுங்கள்: ஒரு கீச்சொலி வந்து, பெடலை லேசாகத் தொட்டதும் நின்றால் ரிலீஸ் பேரிங் தேய்ந்துவிட்டது. பேரிங் விலை கொஞ்சம், கியர்பாக்ஸை இறக்கும் கூலி அதிகம். இறக்கும்போதே கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ஃபோர்க்கின் தாங்குமுனை எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே லாபம். முதல் பத்து நிமிடம் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இயல்பு. சூடான பிறகும் கரகரத்தால், கியர் இடிக்காமல் சேர உதவும் சின்க்ரோ போய்விட்டது என்று பொருள். பின் விளக்குக்குள் நீர்த்திவலை தெரிந்தால் டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கி ஈரம் பாருங்கள். நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருந்தால் மற்ற செலவுகளையும் அந்த ஆள் அப்படித்தான் செய்திருப்பார்.

ஓட்டும்போது

இந்தியாவில் இந்தக் காரை அதிகாரபூர்வமாக விற்றதே இல்லை. மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழர்களுக்கு வலப்பக்க ஸ்டீயரிங்கோடு கிடைத்தது. சிங்கப்பூரில், கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய சிஓஇ சான்றிதழின் விலை சேர்ந்ததும் ‘மலிவு’ என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடுகிறது என்பது வேறு விஷயம். அங்கெல்லாம் கவனிக்க வேண்டியது மழை.

பின் சக்கர இழுவைக் காரில் பயப்பட வேண்டியது ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். விபத்து பல சமயம் காலை எடுப்பதில் நடக்கிறது. ஈரமான வளைவில் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றி, சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னுக்குப் பாயும். பின் டயர்கள் லேசாகி, வால் வெளியே வீசும். நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசான, மாறாத ஆக்ஸிலரேட்டரோடு போவதே இதற்கு மருந்து. வால் நகர்ந்துவிட்டால் நகரும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, கண்ணைப் போக வேண்டிய இடத்தில் வைத்து, பிரேக்கைத் தொடாமல் இருக்க வேண்டும். நிலைப்புக் கட்டுப்பாட்டில் ‘விஎஸ்சி ஸ்போர்ட்’ என்ற நடுநிலை உண்டு. கொஞ்சம் நழுவ விட்டுப் பிறகு பிடிக்கும். கற்றுக்கொள்ள அதுவே போதும். பொத்தானை மூன்று விநாடி அழுத்தி எல்லாவற்றையும் அணைப்பது மூடிய தடத்தில் மட்டும்.

மலைச்சாலையிலும் தடத்திலும் முதலில் கைவிடுவது பிரேக் திரவம். காரோடு வருவது டாட் 3 தரத் திரவம். புதிதாக இருக்கும்போது அதன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 140. டாட் 4-க்கு அவை 230, 155. பெடல் பஞ்சாக அமுங்கினால் திரவம் கொதித்து ஆவியாகிவிட்டது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பிரேக் பேட் சூடாகிவிட்டது. இரண்டும் வெவ்வேறு நோய், வெவ்வேறு மருந்து. பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் என்று பறக்காமல் நல்ல டாட் 4-உம் தெரு-தடம் இரண்டுக்குமான பேடும் போட்டால் முன்பக்கம் 294 மி.மீ. டிஸ்க்கே தாங்கும். வண்டியின் எடை குறைவு என்பதன் பலன் இங்கேயும் வருகிறது.

இன்னொரு குறைந்த செலவு வீல் அலைன்மென்ட். தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன் சக்கரக் கேம்பர், அதாவது சக்கரத்தின் பக்கச் சாய்வு, கிட்டத்தட்ட பூஜ்யம். வளைவில் டயரின் வெளி ஓரமே தேயும், முன்பக்கம் தள்ளும். முன் ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்குப் பதில் சாய்வை மாற்ற உதவும் கேம் போல்ட் போட்டு, பக்கத்துக்கு ஒன்றரை டிகிரி உட்சாய்வும் பூஜ்ய டோவும் (சக்கரங்கள் நேர் முன்னே பார்ப்பது) வைத்தால் ஸ்டீயரிங் வேறாகிவிடும். டயர் அழுத்தம் நான்கிலும் 35 பிஎஸ்ஐ. இவ்வளவும் சேர்ந்து ஒரு ஜோடி நல்ல டயர் விலைக்குள் முடியும். இருப்பதில் பணத்துக்கு அதிகப் பலன் தரும் மாற்றம் இதுதான்.

வாழ்வதற்கு எப்படி என்றால், பின் இருக்கை பைக்குத்தான், இல்லாவிட்டால் சின்னக் குழந்தைக்கு. டிக்கி 243 லிட்டர். ஆனால் பின் சாய்மானம் ஒரே பலகையாக மடியும். மடித்தால் நான்கு டயரும் ஜாக்கும் கருவிப்பெட்டியும் உள்ளே போகும். தடத்துக்கு டயரை ஏற்றிப்போய், மாற்றி ஓட்டி, அதே காரில் வீட்டுக்கு வர வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். தரை இடைவெளி சுமார் 13 செ.மீ.; வேகத்தடையைச் சாய்வாக ஏறப் பழகிக்கொள்ள வேண்டும்.

பழையதா புதியதா

2021-இல் வந்த ஜிஆர்86-இலும் அதன் ஜோடி பிஆர்இசட்டிலும் பிஸ்டன் ஓட்டம் அதே 86. சிலிண்டர் விட்டம் மட்டும் 94 மி.மீ. கொள்ளளவு 2,387 சி.சி., 235 குதிரைத்திறன். அதைவிடப் பெரிய மாற்றம், 250 நியூட்டன் மீட்டர் முழு இழுவை 3,700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. பழைய காரில் பள்ளம் இருந்த இடத்தில் இப்போது மேடு! மேலே சொன்ன லாரிக் கணக்கில் மூன்றாவது கியரிலேயே முந்திவிடலாம். எடை ஏறவிடாமல் கூரையை அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள்.

சீலன்ட் துணுக்கு சல்லடையில் சேரும் கவலை இதையும் விடவில்லை. நீண்ட வலது வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அழுத்தம் குறைவதைத் தடத்தில் ஓட்டுபவர்கள் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். தெருவில் ஓட்டுகிறவருக்கு ஆயிலை மேல் கோட்டில் வைத்திருப்பதே போதுமான காப்பு. தடத்துக்குப் போகிறவர் ஆயில் தொட்டிக்குள் தடுப்பும் அழுத்தமானியும் போட்ட பிறகு போவது நல்லது.

ஐரோப்பாவில் ஜிஆர்86-இன் ஆயுள் இரண்டே ஆண்டு. 2024 ஜூலையில் அமலான பாதுகாப்பு விதிகளுக்கேற்ப வண்டியை மாற்றினால் விலை தாங்காது என்று அதற்குள் விற்பனையை முடித்துக்கொண்டார்கள். அதனால் அங்கே தேடுகிறவருக்கு விலை இறங்கிய காராகக் கிடைப்பது முதல் தலைமுறைதான். 200 குதிரைத்திறனும் பள்ளமும் பழகிவிடும் என்றால், 2014-க்குப் பிறகு கட்டிய, யாரும் கைவைக்காத மேனுவல் காரைப் பிடியுங்கள். வால்வு ஸ்பிரிங் அழைப்புக்கு வெளியே நிற்கும், மேனிஃபோல்டும் சஸ்பென்ஷனும் மாறாத கார் கிடைப்பது வருடா வருடம் கடினமாகிக்கொண்டே போகிறது.